2417 என்று ஒரு எஞ்சின் இல்லை

பயம் வந்தால் எனக்குக் கொட்டாவி வரும். இது என்ன வியாதி என்று எந்த டாக்டருக்கும் தெரியவில்லை. தாராவியில் என்னோடு வளர்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும்: ஹனீப் வாயைப் பிளந்தால் எல்லோரும் ஓட வேண்டிய நேரம் வந்துவிட்டது. 1964 ஜூலையில், அடைமழை கொட்டிய அந்தப் புதன்கிழமை மத்தியானம் மட்டும் நான் ஒன்பது கொட்டாவி விட்டேன். முதலாவது, செண்பகவல்லி தன் புருஷனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தபோது வந்தது.

கிங்ஸ் சர்க்கிளில் ஓர் உடுப்பி ஹோட்டலுக்கு மேலே ராஜலக்ஷ்மி மாமியின் ஆபீஸ் இருக்கிறது. மாமி ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பதினெட்டு வருஷம் பொய் க்ளெய்ம்களைப் பிரித்துப் பார்த்தவர். செத்துப்போனதாக எழுதிக் கொடுத்த மூன்று பேரை உயிரோடு பிடித்துக்கொண்டு வந்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். நான் அவருக்கு டாக்ஸி டிரைவர், உதவியாளர், காபி வாங்கி வருகிறவன், அடி விழுந்தால் முதலில் வாங்கிக்கொள்கிறவன்.

செண்பகவல்லிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மாட்டுங்கா லேபர் கேம்பிலிருந்து நனைந்துகொண்டே வந்திருந்தாள். கூட வந்தவர் நம்பிராஜன், ஊர்க்காரர். பழைய இரும்பு கான்டிராக்டர் ஒருவரிடம் ஏஜென்டாக இருப்பவர். ரயில்வே கழித்துக் கட்டிய எஞ்சின்களை ஏலத்தில் எடுத்து உடைத்து விற்பது அந்த கான்டிராக்டரின் தொழில். நல்ல வேட்டி, நல்ல குடை, நல்ல மரியாதை. எனக்கு மனுஷனைப் பார்த்ததும் பிடித்துப்போனது. என் கணிப்பின் லட்சணம் அவ்வளவுதான்.

"நிதானமா சொல்லும்மா," என்றார் மாமி.

"எங்க வீட்டுக்காரவுக பேரு பூலோகம். லோகோ ஷெட்டுல ஃபிட்டர். திங்கக்கெழம காலைல வேலைக்குப் போனாவ, வரல. அன்னைக்கு மத்தியானம் அவுகளுக்கு மூத்த ஃபிட்டர் வெயிலுமுத்து அண்ணாச்சி சாம்பல் குழியில விழுந்து மண்ட ஒடஞ்சு செத்துப்போனாவ. இவுக அங்கேருந்து ஓடுனத நாலு பேரு பாத்திருக்காவ. இவுகதான் தள்ளிவிட்டாவன்னு போலீஸ் தேடுது." அவள் குரல் உடைந்தது. "அவுக அண்ணாச்சிய அப்பா மாதிரி நெனைக்கிறவுகம்மா. எங்க கெடக்காவளோ, தின்னாவளோ இல்லையோ. யாரும் அவுகளயும் கொன்னு போட்டிருவாவளோன்னு ரெண்டு நாளா கண்ணு மூடல."

பிறகு முந்தானையை அவிழ்த்து மேஜை மேல் ஒன்றை வைத்தாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளை மூடி. எண்ணெய்ப் பிசுக்கு. ஓரத்தில் நான்கு இலக்கங்கள் உளியால் குத்தியிருந்தன: 2417.

"திங்கக்கெழம டப்பாவாலா காலி டப்பாவத் திருப்பிக் கொண்டாந்தான். தொறந்தா உள்ள இது கெடந்துச்சு. அவுகளுக்கும் எழுதத் தெரியாது, எனக்கும் படிக்கத் தெரியாது. அவுகதான் ஏதோ சொல்லி அனுப்பிருக்காவ. என்னன்னு தெரியல."

"ஷெட்ல வேற யார்கிட்டயாவது காட்டினியா?"

"இல்லம்மா. நம்பிராஜன் அண்ணாச்சிட்ட மட்டுந்தான். ஷெட்டுக்காரன்ட்ட காட்டுனா போலீசுக்குச் சொல்லிப்புடுவான்னு இவுகதான் தடுத்தாவ."

"தப்பா மாமி?" என்றார் நம்பிராஜன். "சின்னப் புள்ள தனியா தவிக்குது. நான் ஷெட்டு, பழைய எஞ்சின ஒதுக்கி நிறுத்துத சைடிங் எல்லாம் தேடிட்டேன். 2417-னு ஒரு எஞ்சினே கெடையாது. எங்க ஏல லிஸ்டுலயும் இல்ல. பழைய எஞ்சின் எல்லாத்துக்கும் அஞ்சு இலக்கம். அதான் உங்கட்ட கூட்டியாந்தேன்."

"திங்கட்கிழமை நீங்க எங்கே இருந்தேள்?"

"புனாவுல. நேத்துக் காலைலதான் வந்தேன். வந்த வண்டி எஞ்சின் நம்பர் வேணும்னாலும் தாரேன்." சட்டைப் பையிலிருந்து குட்டி நோட்டை எடுத்தார். "ஒய்.பி. 2511. எங்க தொழில்ல எந்த எஞ்சினப் பாத்தாலும் எழுத்தையும் நம்பரையும் குறிச்சுக்கிடுவோம். இன்னைக்கு ஓடுதது நாளைக்கு எங்ககிட்டதான வரணும்?"

"எங்க டாக்ஸியையும் குறிச்சுக்கிடுங்க," என்றேன் நான். "அதுக்கு அதிக நாள் இல்ல."

அவர் சிரித்தார். மாமி சிரிக்கவில்லை. மூடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்பர் பெயிண்ட் இல்லே, குத்தினது," என்றார். "ஹனீப், வண்டியை எடு. சுந்தரராமன் மாமா ஆத்துக்குப் போறோம்."

சுந்தரராமன் மாமா ரயில்வே ஹெட் ஆபீசில் முப்பது வருஷம் எஞ்சின் ரிஜிஸ்டர் எழுதி ரிடையர் ஆனவர். இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடியில் குடியிருந்தார். மழை கண்ணாடியை மறைத்தது. நம்பிராஜனையும் செண்பகவல்லியையும் டாக்ஸியிலேயே உட்கார வைத்துவிட்டு நாங்கள் இருவரும் மேலே போனோம்.

மாமா மூடியை மூக்குக்கு அருகே பிடித்துப் பார்த்தார். பேரனைப் பார்த்த சந்தோஷம் அவர் முகத்தில்.

"இது பழைய நம்பர்டி ராஜம். ஏழெட்டு வருஷம் முன்னாடி வரைக்கும் ஒவ்வொரு ரயில்வேக்கும் தனித்தனி வரிசை. பம்பாயிலே ஒரு 2417 இருக்கும், கல்கத்தாவிலே ஒரு 2417 இருக்கும். எல்லாம் ஒரே சர்க்கார் ரயில்னு ஆனப்புறம் கணக்கு உதைச்சுது. நாடு பூராவும் ஒரே வரிசையா மாத்தினா. ஒரு நம்பர், ஒரு எஞ்சின். என் கையாலேதான் எழுதினேன்."

"மாத்தினப்புறமும் மூடியிலே எப்படி பழசு நிக்கறது?"

"பெயிண்டைத்தானே மாத்தினா? எஞ்சினைக் கழட்டறச்சே ஒவ்வொரு பாகத்துலயும் அது எந்த எஞ்சினோடதுன்னு நம்பர் குத்தி வெப்பா. இல்லேன்னா மாட்டறச்சே ஒண்ணோடது இன்னொண்ணுலே போயிடும். அந்தக் குத்தை யார் அழிக்கப் போறா? வெளியிலே புதுப் பேர், உடம்புக்குள்ளே பழைய பேர். ஃபிட்டர்கள் இன்னும் பழைய பேரைத்தான் சொல்லுவா."

அலமாரியிலிருந்து தடிமனான நோட்டை இறக்கினார். ரிடையர் ஆகும்போது பிரிய மனமில்லாமல் எழுதி வைத்துக்கொண்ட நகலாம். விரல் பக்கங்களில் ஓடியது. "2417... ஆச்சு. இப்போ 24683. கூட்ஸ் எஞ்சின். போன வருஷம் கழிச்சுக் கட்டியாச்சு. செம்பூர் தாண்டி அந்தப் பழைய சைடிங்ல நிக்கும்."

"மாமா, இன்னொண்ணு. இந்த எழுத்துக்கெல்லாம் என்ன அர்த்தம்? ஒய்.பி.ன்னு போட்டிருந்தா?"

"முதல் எழுத்து தண்டவாளத்தோட அகலம். டபிள்யூன்னா பெரிய பாதை. ஒய்ன்னா மீட்டர் பாதை. இஸட்ன்னா அதைவிடச் சின்னது. அடுத்தது என்ன வேலைன்னு. பி-ன்னா பாசஞ்சர், ஜி-ன்னா கூட்ஸ். கரி எஞ்சினுக்கு அவ்வளவுதான். டீசலுக்கு நடுவிலே ஒரு டி சேரும், கரண்டுக்கு ஒரு சி."

"அப்ப நம்ம டாக்ஸிக்கும் ஒய் போடலாம் மாமா, மீட்டர் இருக்குல்லா," என்று சொல்லி நானே சிரித்துக்கொண்டேன்.

சிரித்து முடித்துத் திரும்பியபோது மாமி காபி டம்ளரைக் கீழே வைத்திருந்தார். பாதி காபி மீதி இருந்தது. ஆறு வருஷத்தில் மாமி காபியை மீதி வைத்து நான் பார்த்ததில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் விறுவிறுவென்று இரண்டு வரி எழுதி மாமாவிடம் கொடுத்தார். "பக்கத்தாத்துலே டெலிபோன் இருக்கோல்லியோ? உடனே. இப்பவே," என்றார். பிறகு புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூன்று மாடியையும் ஓடியே இறங்கினார். நானும் ஓடினேன். ஏன் ஓடுகிறோம் என்று தெரியாமல் ஓடுவதைப் போன்ற கலக்கம் வேறு எதிலும் கிடையாது.

டாக்ஸியில் செண்பகவல்லி பத்திரமாக உட்கார்ந்திருந்தாள். மாமி மூச்சு விட்டதை நான் கேட்டேன்.

"நம்பர் கெடச்சுதா மாமி?" என்றார் நம்பிராஜன்.

"கிடைச்சுது. காகிதத்துலே இருக்கு. நேரே போயிப் பார்த்துடலாம். செண்பகம், நீ முன்னாடி வந்து உட்காரு." மாமி பின் சீட்டில் நம்பிராஜன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வழியெல்லாம் சமையல், மழை, அரிசி என்று பேசிக்கொண்டே வந்தார். மாமி தேவையில்லாமல் பேசினால் விஷயம் பெரியது. சயான் தாண்டியபோது எனக்கு நாலாவது கொட்டாவி வந்தது.

செம்பூரைத் தாண்டி, டிராம்பே போகும் கூட்ஸ் பாதையிலிருந்து பிரிந்த சைடிங். ஆள் உயரத்துக்குப் புல். அதற்குள் ஆறு கரி எஞ்சின்கள் வரிசையாக நின்றன. சக்கரம் வரைக்கும் துரு. மணி மூன்றுதான், ஆனால் மேகம் கவிந்து விளக்கு வைக்கிற நேரம் போல் இருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் மனுஷ நடமாட்டம் இல்லை.

மாமி காகிதத்தைப் பிரித்தார். எஞ்சின்களைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"அதோ, நாலாவது. 24671. அதுதான்."

எனக்குக் கணக்கு வராது, ஆனால் நம்பர் மறக்காது. டாக்ஸிக்காரன் மூளை அப்படி. மாமா சொன்னது 24683. ஆறாவது எஞ்சினின் பக்கவாட்டில் அந்த நம்பர் மங்கலாகத் தெரிந்தது. "மாமி, அது..." என்று ஆரம்பித்தேன். மாமியின் செருப்பு என் பாதத்தில் ஏறி நின்றது. வாயை மூடிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது வலியால் மட்டும் இல்லை.

"நீங்க மூணு பேரும் வண்டியிலயே இருங்க," என்றார் நம்பிராஜன். "தண்ணி, பாம்பு எல்லாம் கெடக்கும். நான் கூட்டியாரேன்."

"நல்லதாப் போச்சு. பேர் சொல்லிக் கூப்பிடுங்கோ. தெரிஞ்ச குரல்னா பயப்பட மாட்டான். ஒருவேளை அடுப்புக்குள்ளே சுருண்டிண்டு இருப்பான், நன்னா உள்ளே போய்ப் பாருங்கோ."

அவர் குடையை மடக்கி வைத்துவிட்டுப் புல்லுக்குள் இறங்கினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். கூப்பிடவில்லை. பாதி வழியில் குனிந்து தண்டவாளத்தின் ஓரத்தில் கிடந்த ஒரு முழ இரும்புக் கம்பியை எடுத்தார். கையில் எடை பார்த்தார். சத்தமே இல்லாமல், பூனை நடையில் நாலாவது எஞ்சினில் ஏறினார்.

"பார்த்தியா?" என்றார் மாமி மெல்ல. "காணாமப்போனவனைத் தேடறவன் பேர் சொல்லிக் கூப்பிடாம போவானா? இறங்குங்கோ, ரெண்டு பேரும். ஆறாவது எஞ்சினுக்கு. சத்தம் போடாதேங்கோ."

"மாமி, அவரு புனாவுல..." என்று இழுத்தேன்.

"புனாவிலேர்ந்து பம்பாய்க்கு ஒய்.பி. எஞ்சின் இழுத்துண்டு வந்ததாம். ஒய்ன்னா மீட்டர் பாதை. பம்பாயிலே மீட்டர் பாதையே கிடையாதுடா. புனா ஸ்டேஷன்லே ரெண்டு பாதையும் உண்டு. எப்பவோ போனப்போ அங்கே நின்னதைக் குறிச்சு வெச்சிருக்கான். இப்போ சாக்குக்கு அந்தப் பழைய பக்கத்தைக் காட்டிட்டான். அவனுக்கு எஞ்சின்னா இத்தனை டன் இரும்பு. எழுத்தைப் படிக்கவேண்டிய அவசியம் அவனுக்கு வந்ததில்லை."

ஈரப் புல் முகத்தில் அடித்தது. செண்பகவல்லி எங்கள் இருவரையும் தாண்டி ஓடினாள். ஆறாவது எஞ்சினின் பின்னால் டெண்டர் இருந்தது. கரியும் தண்ணீரும் சுமக்கும் பின்வண்டி. அதன் மேலே தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு வட்ட வாய். அவள் ஏணியில் ஏறி அதன் மேல் வாயை வைத்து, மூச்சுக் காற்றாகக் கூப்பிட்டாள்.

"ஏங்க... நான்தான்."

ஒன்றும் இல்லை. மழை மட்டும். வந்து சேரத் தாமதமாகிவிட்டது என்றே நினைத்தேன்.

பிறகு இரும்புக்கு உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "ஏட்டி செண்பகம். கூட யாரு?"

"ஒரு மாமி. டாக்ஸிக்காரரு. நம்பிராஜன் அண்ணாச்சிதான் கூட்டியாந்தாவ."

உள்ளே அவன் பின்வாங்கும் சத்தம் கேட்டது. "அவன்தாம்ட்டி அண்ணாச்சியக் குழியில தள்ளுனவன். ஏலம் போடாத எஞ்சின்ல இருந்து செம்பையும் பித்தளையையும் கழட்டிக் கடத்துனான். அண்ணாச்சி கையும் களவுமாப் பிடிச்சாரு. நான் பாத்தத அவனும் பாத்துட்டான். அவனையா கூட்டியாந்த?"

செண்பகவல்லி வாயைப் பொத்திக்கொண்டாள். கொலைகாரனைத் தன் கையாலேயே புருஷன் ஒளிந்த இடத்துக்கு அழைத்து வந்திருக்கிறாள். இரண்டு நாளாக அவனுக்கு டீ போட்டுக் கொடுத்திருக்கிறாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"அழறதுக்கு நேரம் இல்லே," என்றார் மாமி. "போலீஸ் வந்துண்டிருக்கு. வரதுக்குள்ளே அவன் வெளியிலே வந்தா நாம நாலு பேரும் சாட்சி. நாலு பேரையும் விடமாட்டான். ஹனீப், போ. அடுப்புக் கதவைச் சாத்து."

"நானா?"

"நான் போனா என் முட்டி சத்தம் போடும்."

ஆறாவதிலிருந்து நாலாவது எஞ்சினுக்கு முப்பது கஜம் இருக்கும். அந்த முப்பது கஜத்தில் எனக்குத் தெரிந்த துஆ எல்லாவற்றையும் ஓதி முடித்தேன். உம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். டாக்ஸியை யாருக்குக் கொடுப்பது என்றுகூட முடிவு செய்துவிட்டேன். படியில் கால் வைத்தபோது துரு உதிர்ந்தது. எஞ்சின் டிரைவர் நிற்கும் இடத்துக்குத் தலையை நீட்டினேன்.

அடுப்பின் வாய் ஒரு மனுஷன் குனிந்து நுழையும் அளவு இருந்தது. உள்ளே தீக்குச்சி வெளிச்சம். நம்பிராஜனின் முதுகு தெரிந்தது. கம்பியால் மூலை மூலையாகக் குத்திக்கொண்டிருந்தார். பழைய சாம்பலுக்குள் ஒரு ஆள் ஒளிந்திருந்தால் அந்தக் குத்து எங்கே விழுந்திருக்கும் என்று நினைத்தேன். அந்த நினைப்புதான் என்னைக் கெடுத்தது. கொட்டாவி வந்தது. இரண்டு கையாலும் வாயை அமுக்கியும், ஒட்டகம் கத்துவது போல் ஒரு சத்தம் வெளியே வந்தது.

தீக்குச்சி அணைந்தது.

"யாருல அது?"

கதவு இரண்டு இரும்புப் பலகை, ஒரே கைப்பிடி. இழுத்தேன். நகரவில்லை. வருஷக்கணக்கில் துருப்பிடித்திருந்தது. உள்ளே சாம்பலில் காலடி ஓடி வந்தது. மறுபடி இழுத்தேன். பாதி வந்து நின்றது. கறுத்த கை ஒன்று இடுக்கு வழியாக வெளியே நீண்டு என் சட்டையைப் பிடித்தது. அந்தப் பிடியில் இருந்த பலத்தை இன்றைக்கும் கழுத்தில் உணர்கிறேன்.

"ஹனீப் தம்பி," என்றது குரல். அதே மரியாதை, அதே இனிமை. "கதவ விடு தம்பி. நான் ஒண்ணும் செய்ய மாட்டேன்."

சட்டை கிழிந்தது. பின்னால் விழுந்தேன். விழுந்த வேகத்திலேயே இரண்டு காலையும் சேர்த்துக் கைப்பிடியை உதைத்தேன். பலகைகள் கிறீச்சிட்டு மூடிக்கொண்டன. மூலையில் கிடந்த கரி அள்ளும் மண்வெட்டியைக் கைப்பிடிக்குள் குறுக்கே செருகினேன். பிறகு அதன் மேலேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லை. கதவு உள்ளேயிருந்து இடிபட்டபோதெல்லாம் என் முதுகெலும்பும் இடிபட்டது.

போலீஸ் ஜீப்பின் ஹாரன் கேட்க இருபது நிமிஷம் ஆனது. இரண்டு கான்ஸ்டபிள்கள் வந்து மண்வெட்டிக்குக் காவல் நின்ற பிறகுதான் என்னால் எழுந்திருக்க முடிந்தது. ஆறாவது எஞ்சினுக்குத் தள்ளாடி நடந்தேன்.

பூலோகம் அப்போதுதான் தொட்டியை விட்டு இறங்கினான். மழைத்தண்ணீரைக் குடித்தே இரண்டு நாள் இருந்திருக்கிறான். செண்பகவல்லி அவன் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள். பிறகு அதே நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டு விட்ட அழுகையில் கான்ஸ்டபிள்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"விடுட்டி. அதான் வந்துட்டேன்லா," என்றான் அவன். எங்களைப் பார்த்துக் கும்பிட்டான். பிறகு அவளைக் கேட்டான்: "அண்ணாச்சிக்கு எப்படி இருக்கு? எந்த ஆஸ்பத்திரில வச்சிருக்காவ?"

செண்பகவல்லி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தலைல ரத்தம் நெறைய போச்சு. ஆனா நான் பாத்தேன், கை அசைஞ்சுது. ஆளு கெட்டி. நானும் அவருந்தான் அன்னைக்குக் காலைல இந்த எஞ்சின்ல மூடியக் கழட்டுனோம். ஓடுதப்ப அத டப்பாவுல போட்டேன். நீ அவருட்ட காட்டுனா எடம் தெரியும், கண்ணு முழிச்சதும் ஆளு அனுப்பிருவாருன்னுதான் ரெண்டு நாளா உள்ள கெடந்தேன்."

மாமி என்னைப் பார்த்தார். நான் கிழிந்த என் சட்டையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டேன்.

செண்பகவல்லிதான் அவன் கரி படிந்த முகத்தை இரண்டு கையாலும் பிடித்துச் சொன்னாள். "அண்ணாச்சி அன்னைக்கே போயிட்டாவ. குழியில கெடக்காவன்னு தெரிஞ்சு ஆள் வர ஒரு மணி நேரம் ஆச்சாம், அது வரைக்கும் உசுரு இருந்துச்சாம். நேத்து எரிச்சாச்சு."

பூலோகம் அழவில்லை. நாலாவது எஞ்சினையும் பார்க்கவில்லை. தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்ப, நான் உசுரோடயா விட்டுட்டு ஓடுனேன்?" என்றான்.